காசில்லாமல் ஐடி ரிட்டர்ன்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் கிடைக்கும் உதவிகள் எவ்வளவு தேறும்?

ஜூலை பிறந்தால் போதும், தருமபுரி நாலு ரோட்டிலும் ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ஜெராக்ஸ் கடை வாசல்களில் ‘ஐடி ரிட்டர்ன் ஃபைல் செய்து தரப்படும்’ என்ற போர்டு முளைத்துவிடும். வருமான வரித்துறைக்கு வருடா வருடம் கொடுக்கும் வருமானக் கணக்குதான் ஐடி ரிட்டர்ன். ஐந்நூறில் ஆரம்பித்து, ஆளைப் பார்த்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று ஏறும். சிப்காட்டில் ஒரே கம்பெனிச் சம்பளம் வாங்குபவரும், ஓய்வூதியமும் எஃப்டி வட்டியும் மட்டும் வைத்திருப்பவரும் இந்தக் காசைக் கொடுக்க வேண்டியதே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் உதவியே போதும். என்ன, அது ஒரே கவுன்ட்டரில் கிடைக்காது. ரிட்டர்னுக்கு வரித்துறையின் இணையதளமான போர்ட்டல், போர்ட்டலில் மாட்டிக்கொண்டால் ஒரு ஹெல்ப்லைன், கணக்கு இடித்தால் இன்னொரு ஹெல்ப்லைன், டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, தப்பு என்றால் வங்கியோ கம்பெனியோ. எதற்கு எங்கே போவது என்று தெரியாமல் தவறான இடத்தில் கேட்பவர்தான் ‘இலவசம்னா இப்படித்தான்’ என்று அலுத்துப்போய் ஜெராக்ஸ் கடைக்குத் திரும்புகிறார்.

போர்ட்டல்

வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளம் 2021 ஜூன் 7 அன்று புது உருவில் வந்தது. முதல் சில மாதங்கள் அது பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இப்போது எளிய ரிட்டர்னுக்கு அதைவிட நல்ல இலவச உதவி வேறில்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். மிச்ச ஒரு மதிப்பெண் போவது அதன் மொழிக்கு. கேள்விகள் சட்டப்பிரிவு எண்ணோடு வருகின்றன, படிப்பவருக்குத் தலை சுற்றும்.

பான் எண்தான் யூசர் ஐடி. உள்ளே போனதும் ‘இ-ஃபைல்’ மெனு, அதில் ‘இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன்ஸ்’, அதற்குள் ‘ஃபைல் இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன்’. 2025 ஏப்ரலில் இருந்து 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு அசெஸ்மென்ட் இயர், அதாவது வரி கணக்கிடும் வருடம், 2026-27. வருமானம் வந்த வருடத்தையே அசெஸ்மென்ட் இயர் என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தப்பு. பலர் இங்கேயே வழுக்குகிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்திருப்பது இந்த ரிட்டர்னைப் பாதிக்காது. மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

எந்தப் படிவம் என்று தெரியாதவருக்கு, நாலைந்து கேள்வி கேட்டு அதுவே சொல்லும் வசதி அங்கேயே இருக்கிறது. சம்பளம் அல்லது ஓய்வூதியம், வீடு, வட்டி, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் பெரும்பாலும் ஐடிஆர்-1. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 கூடாது. இந்த இரண்டு மாவட்டங்களில் இது சின்ன விஷயமில்லை, பின்னால் வருகிறது.

ஐடிஆர்-1 ஐந்து பெட்டிகளாகத் திறக்கும்: சொந்த விவரம், வருமானம், கழிவுகள், கட்டிய வரி, கட்ட வேண்டிய வரி. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ‘கன்ஃபர்ம்’ கொடுக்க வேண்டும். முதல் பெட்டியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ‘115பிஏசி(6) பிரிவின் கீழ் புதிய வரி முறையிலிருந்து வெளியேறும் விருப்பத்தைப் பயன்படுத்துகிறீர்களா?’ என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். ‘புதிய வரி முறை’ என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்று ‘யெஸ்’ அழுத்துகிறவர்கள் உண்டு. ‘யெஸ்’ என்றால் பழைய முறை, அதாவது வாடகை, சேமிப்பு, காப்பீடு என்று கழிவுகள் கேட்கும் முறை. புதிய முறை வேண்டுபவர் ‘நோ’ என்றே விட வேண்டும்.

இந்த ஒரு கிளிக்கின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 7 லட்சம், சேமிப்புக் கழிவு எதுவும் இல்லை. புதிய முறையில் 75,000 நிலையான கழிவு போக 6,25,000. வரி 11,250 வரும், புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்குக் கிடைக்கும் 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் அது சுழியமாகிவிடும். பழைய முறையில் 50,000 போக 6,50,000. வரி 42,500, அதன்மேல் 4 சதவீத செஸ் (வரிக்கு மேல் வரி) சேர்த்து 44,200 ரூபாய். கடைசிப் பெட்டியில் கட்ட வேண்டிய தொகை திடீரென்று ஆயிரங்களில் நின்றால், பதறிப்போய் கழிவுகளைத் தேடி ஓடாமல் முதல் பெட்டியில் அந்த ‘யெஸ்’ஸைப் பார்ப்பது நல்லது.

லாகின் செய்யாமலே பயன்படுத்தக்கூடிய வரிக் கணக்கீட்டுக் கருவி ஒன்றும் போர்ட்டலின் முகப்பிலேயே இருக்கிறது. பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். இதற்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை. எந்த முறை லாபம் என்று கேட்டு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

தானாக நிரம்பி வருவதை அப்படியே நம்பலாமா என்றால், கூடாது. சேமிப்புக் கணக்கின் வட்டி சில வங்கிகளிலிருந்து வராமல் போகும். பாஸ்புக்கை மார்ச் 31 வரை பதிவு செய்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் சம்பளத்தில் வராது, ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வரும். அதற்கு 75,000 கழிவும் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இதில் எது குறைவோ அதுதான், புதிய முறையில்.

வேலை மாறியவர் கதை தனி. வருட நடுவில் ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போனவரிடம் இரண்டு ஃபார்ம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று) இருக்கும். முதல் கம்பெனியில் 7 லட்சம், இரண்டாவதில் 7.5 லட்சம் என்று வையுங்கள். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் 12 லட்சத்துக்குள், இரண்டும் தனித்தனியாக 75,000 கழித்திருக்கும், டிடிஎஸ் எதுவும் பிடித்திருக்காது. சேர்த்தால் 14.5 லட்சம். கழிவு ஒரே ஒரு தடவைதான், ஆக 13.75 லட்சம். வரி 86,250, செஸ்ஸோடு 89,700, அதன்மேல் வரியை முன்கூட்டிக் கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளின் வட்டி. போர்ட்டல் இதைச் சரியாகவே கூட்டிக் காட்டும். அதை நம்ப மறுத்து ஒரு ஃபார்ம் 16-ஐ மட்டும் போட்டு அனுப்புகிறவருக்குத்தான் பிறகு நோட்டீஸ் வருகிறது. புதுக் கம்பெனியில் சேர்ந்தவுடனே பழைய சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி-யில் கொடுத்திருந்தால் மாதா மாதம் பிடித்திருப்பார்கள்.

அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யாவிட்டால் அந்த ரிட்டர்ன் செல்லாது. ஆதார் ஓடிபி-தான் சுலபம். ஆனால் ஆதாரில் பதிந்த நம்பர் கையில் இருக்க வேண்டும். பெங்களூரு வேலைக்காகக் கர்நாடக சிம்முக்கு மாறியவர்களும், மகன் நம்பரில் ஆதார் எடுத்த பெரியவர்களும் இங்கே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு வேறு வழி உண்டு. போர்ட்டலில் உறுதி செய்யப்பட்ட வங்கிக் கணக்கு இருந்தால் அதன் வழியாக ஓடிபி போன்ற இவிசி எண் வாங்கலாம், நெட் பேங்கிங் இருந்தால் அதிலிருந்தே உள்ளே வரலாம். இரண்டும் இல்லையென்றால் ஐடிஆர்-வி என்ற சரிபார்ப்புத் தாளை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பெங்களூரு 560500-இல் உள்ள சிபிசி-க்கு (ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மையம்) ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். அது 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிடிஎஃப் திறக்கக் கேட்கும் பாஸ்வேர்டு, பான் எண் சிறிய எழுத்தில், அதை ஒட்டி பிறந்த தேதி எட்டு இலக்கத்தில்.

ஃபோன் உதவி

இ-ஃபைலிங் ஹெல்ப்லைன் 1800 103 0025, 1800 419 0025. இரண்டும் கட்டணமில்லா எண்கள், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் இரவு 8 வரை. லாகின் ஆகவில்லை, ஓடிபி வரவில்லை, வங்கிக் கணக்கு உறுதியாகவில்லை, ‘வேலிடேஷன் எரர்’ என்று சிவப்பில் காட்டுகிறது, ரீஃபண்ட் எங்கே நிற்கிறது என்பதற்கெல்லாம் இது நல்ல இடம். பான் எண், ஒப்புகை எண், திரையில் வந்த எரரின் வாசகம் இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ‘ஏதோ தப்புன்னு வருதுங்க’ என்று சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவரும் பொதுவாக ஏதோ ஒன்றைத்தான் சொல்வார்.

பழைய முறையா புதிய முறையா, இந்த நிலம் விற்ற பணத்துக்கு வரி உண்டா என்பதை அங்கே கேட்டுப் பயனில்லை. போர்ட்டலை ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். வரி ஆலோசனை அவர்கள் வேலையல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் கூப்பிட்டவர்கள்தான் ‘ஹெல்ப்லைன் வேஸ்ட்’ என்று திட்டுகிறார்கள்.

ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் சந்தேகம் என்றால் எண் வேறு: 1800 103 4215. டிடிஎஸ் கழித்தது தொடர்பாக, அதாவது டிரேசஸ் தளத்துக்கு, 1800 103 0344. பொதுவான சந்தேகத்துக்கு ஆய்கர் சம்பர்க் கேந்திரா 1800 180 1961. ஒரு எண்ணில் கேட்க வேண்டியதை இன்னொன்றில் கேட்டு, அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு வைக்க வேண்டாம்.

கூப்பிடும் காலமும் முக்கியம். கம்பெனிகளும் வங்கிகளும் ஜனவரி-மார்ச் காலாண்டின் டிடிஎஸ் கணக்கை மே 31 வரை கொடுக்கலாம். ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் வர வேண்டும். ஏப்ரலிலேயே ஃபைல் செய்யப் பறந்தால் கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் ஏறியிருக்காது, ரீஃபண்ட் குறைவாக வரும். ஜூலை கடைசி வாரமோ போர்ட்டலும் திணறும், லைனும் கிடைக்காது. கெடுத் தேதி நெருங்கும்போது ஹெல்ப்லைனை 24 மணி நேரமும் ஓட்டியிருக்கிறார்கள், லைவ் சாட்டும் வெபெக்ஸ் வீடியோ அழைப்பும்கூட கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் கூட்டம் கூட்டம்தான். ஜூன் 20 முதல் ஜூலை 15 வரை பொன்னான நேரம். ஐடிஆர்-1, ஐடிஆர்-2 இரண்டுக்கும் கெடு ஜூலை 31.

இனிஷியல் தொல்லை

இதை எந்த ஹெல்ப்லைனும் ஒரே ஃபோனில் தீர்க்காது. பான் கார்டில் இனிஷியலுக்கு இடமில்லை, அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். ஆதாரில் ‘முருகன் கே’. வங்கியில் ‘கே முருகன்’. பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, வாக்காளர் அட்டையைப் பார்த்து எடுத்த ஆதாரில் இன்னொன்று. இந்த ஊர் ஆட்களுக்குப் போர்ட்டலில் வரும் தடங்கலில் பெரும்பங்கு இதுதான். பான்-ஆதார் இணைப்பு தட்டிப்போகும், வங்கிக் கணக்கு உறுதியாகாது. இணைக்கப்படாத பான் 2023 ஜூலை 1 முதல் செயலற்றதாகக் கருதப்படுகிறது. அப்படியானால் ரீஃபண்ட் வராது, டிடிஎஸ்ஸும் அதிகமாகப் பிடிப்பார்கள். இணைக்க 1,000 ரூபாய் கட்ட வேண்டும். இந்த ஒரு செலவை எந்த இலவச உதவியாலும் தவிர்க்க முடியாது.

திருத்தும்போது வரிசை முக்கியம். எது சரியான ஆவணம் என்று முதலில் முடிவு செய்து, ஆதாரைத் திருத்தி, பிறகு பான், பிறகு வங்கி. மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் மனு கொடுத்தால் மூன்றும் மூன்று மாதிரி ஆகிவிடும்.

வங்கிக் கணக்கில் இன்னொன்று. பல்லவன் கிராம வங்கியாக இருந்தது 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கியில் சேர்ந்துவிட்டது. சிண்டிகேட் கனரா ஆனது, விஜயா பரோடா ஆனது. போர்ட்டலில் பழைய ஐஎஃப்எஸ்சி அப்படியே கிடந்தால் ரீஃபண்ட் திரும்பிப் போகும். பயப்பட வேண்டாம், பணம் எங்கும் போகாது. புதிய எண்ணோடு கணக்கை மறுபடி உறுதி செய்துவிட்டு, ‘சர்வீசஸ்’ மெனுவில் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கேட்டால் போதும். இதற்கும் காசு வாங்குகிற கடைகள் இருக்கின்றன.

ஏஐஎஸ்

வருடம் முழுக்க உங்கள் பான் எண்ணில் என்ன நடந்தது என்பது இங்கே இருக்கும்: வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, நிலப் பதிவு, பெரிய ரொக்க வரவு. ரிட்டர்னுக்கு முன்னால் இதைப் படிப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்கில் இருக்கும் எஃப்டி வட்டி முதல் பெயர்க்காரர் தலையில் முழுசாக விழுந்திருக்கும். ஒரே பரிவர்த்தனை இரண்டு தடவை வந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கருத்துச் சொல்லும் வசதி இருக்கிறது: சரி, முழுதாகச் சரியில்லை, வேறு பான் எண்ணுக்கோ வேறு வருடத்துக்கோ உரியது, இரட்டைப் பதிவு, என்னுடையதே அல்ல. அங்கே சொல்லாமல் ரிட்டர்னில் மட்டும் குறைத்துக் காட்டினால் விளக்கம் கேட்டு மெசேஜ் வரும்.

வங்கி, கம்பெனி, கருவூலம்

ரிட்டர்ன் நிரப்பித் தருவது இவர்கள் வேலை இல்லை. ஆனால் இவர்கள் இலவசமாகத் தர வேண்டிய தாள் இல்லாமல் ரிட்டர்ன் நகராது. கம்பெனி ஃபார்ம் 16, வங்கி ஃபார்ம் 16ஏ (வட்டியில் பிடித்த வரிக்கான சான்று). ஓய்வூதியதாரர்களுக்கு, எங்கிருந்து ஓய்வூதியம் வருகிறதோ அங்கே. கருவூலம் வழியாகப் பெறுவோர் ‘களஞ்சியம்’ செயலியில் தங்கள் ஓய்வூதியச் சீட்டுகளைப் பார்க்கலாம். டிடிஎஸ் பிடித்துவிட்டு, உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் காட்டவில்லை என்றால், திருத்த வேண்டியது பிடித்தவர்தான். வரித்துறைக்கு எழுதிப் பயனில்லை. வங்கி மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரீஃபண்டுக்காகவே ரிட்டர்ன் போட வேண்டியவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களில் நிறைய. 65 வயதுக்காரர் ஒருவருக்கு ஓய்வூதியம் 4,20,000, எஃப்டி வட்டி 1,10,000. மூத்த குடிமக்களுக்கு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும், ஆக 11,000. மொத்தம் 5,30,000-இல் 75,000 கழிவு போக 4,55,000. வரி 2,750, தள்ளுபடியில் அதுவும் இல்லை. 11,000-மும் திரும்ப வரும், ரிட்டர்ன் போட்டால். கெடு தாண்டினால் ஐந்து லட்சத்துக்குள் வருமானம் உள்ளவருக்கு 1,000, மேலே 5,000 தாமதக் கட்டணம். டிசம்பர் 31-ஐயும் விட்டுவிட்டால் அடுத்து இருப்பது கூடுதல் வரியோடு போடும் அப்டேட்டட் ரிட்டர்ன், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

ஓசூர், சூளகிரி, கெலமங்கலம் பக்கக் கம்பெனிகளில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிடும் பெண்கள் பிஎஃப் பணத்தை எடுக்கும்போதும் இதே கதைதான். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல், 50,000-க்குக் குறையாமல் எடுத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். வேறு வருமானம் இல்லாதவருக்கு அது முழுசாகத் திரும்ப வேண்டிய பணம். ரிட்டர்னில் டிடிஎஸ்ஸை மட்டும் கேட்டுவிட்டு, எடுத்த பிஎஃப் தொகையில் வரிக்குரியதைக் காட்டாமல் விட்டால் இடிக்கும், இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். அடுத்த தடவை எடுப்பவர் வருமானம் வரம்புக்குள் இருந்தால் முன்கூட்டியே உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட்டால் பிடித்தமே இருக்காது.

75 வயது நிறைந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, கேட்டவர்கள் குறைவு. ஓய்வூதியமும் வட்டியும் ஒரே குறிப்பிட்ட வங்கியிலிருந்து மட்டும் வந்தால், வங்கியிடம் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடலாம். வங்கியே கணக்குப் போட்டு வரி பிடிக்கும், ரிட்டர்ன் தேவையில்லை. வேறு வங்கியில் ஒரு சின்ன எஃப்டி இருந்தாலும் இது செல்லாது.

வரி அலுவலகமும் தனியார் தளங்களும்

வருமான வரி அலுவலகம் தருமபுரியிலும் ஓசூரிலும் இருக்கிறது. அங்கே போனால் ரிட்டர்ன் நிரப்பித் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய வருடத்து டிமாண்ட் (பாக்கி என்று துறை கேட்கும் வரி) தீராமல் நிற்பது, நோட்டீசுக்குப் பதில் கொடுத்தும் நகராமல் இருப்பது இதற்கெல்லாம் போகலாம். உங்கள் பான் எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று போர்ட்டலின் முகப்பிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். பெங்களூரில் வேலை பார்த்தபோது எடுத்த பான் அங்கேயே கிடக்கும். போர்ட்டலில் ‘கிரீவன்சஸ்’ பகுதியில் பதிவு செய்யும் புகாருக்கு எண் தருவார்கள். அலைவதைவிட அது வேகம்.

‘ஃப்ரீ ஃபைலிங்’ என்று விளம்பரம் செய்யும் தனியார் தளங்களில் முகப்பு அழகு, கேள்விகள் எளிமை. சம்பளம் மட்டும் என்றால் சில தளங்கள் இலவசமாகவே முடித்துவிடும். இரண்டாவது ஃபார்ம் 16-ஐ ஏற்றும்போதோ, பங்கு விற்பனையைச் சேர்க்கும்போதோ ‘பிளானை மேம்படுத்துங்கள்’ என்று நிற்கும், அதற்குள் எல்லா விவரமும் கொடுத்து முடித்திருப்பீர்கள். போர்ட்டல் இதே வேலையைக் காசில்லாமல் செய்யும்போது, வருமானம் முழுவதையும் இன்னொருவர் சர்வரில் வைப்பது எதற்கு?

‘ஃபீஸ் வேண்டாம், வர்றதுல பங்கு கொடுங்க’

இதுவும் இலவசம் என்றுதான் அறிமுகமாகும். தொழிற்சாலை வாட்ஸ்அப் குரூப்களில் பரவும். பிடித்த டிடிஎஸ் முழுவதையும் வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் எனக்கு என்பார்கள். செய்வது என்னவென்றால், பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, கொடுக்காத வீட்டு வாடகை, எடுக்காத மெடிக்கல் இன்சூரன்ஸ், கட்சிக்குக் கொடுக்காத நன்கொடை என்று கழிவுகளை அடுக்குவது. ரீஃபண்ட் வரும். கமிஷன் போகும். பிறகு ஒரு நாள் நோட்டீஸ் வரும், அது கையெழுத்துப் போட்டவர் பெயருக்கு.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் மேல் சோதனை நடத்தியது. பெயர் சொல்லப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அப்போது அறிவித்தார்கள். அசெஸ்மென்ட் இயர் 2025-26 முதல் படிவமே கேள்வி கேட்கிறது: 80சி (சேமிப்பு) என்றால் பாலிசி அல்லது கணக்கு எண், 80டி (மெடிக்கல் இன்சூரன்ஸ்) என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கல்விக் கடன் என்றால் வங்கியும் கடன் எண்ணும். ஏற்கெனவே இப்படி மாட்டியிருப்பவர், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் அப்டேட்டட் ரிட்டர்னில் கூடுதல் வரியோடு கட்டிவிடலாம்.

ரிட்டர்ன் வேறு யாரோ போட்டுத் தந்தவர்கள் இன்றே செய்ய வேண்டியது, போர்ட்டலில் புரொஃபைலைத் திறந்து மொபைல் எண்ணையும் இமெயிலையும் பார்ப்பது. நிறையப் பேருக்கு அங்கே இருப்பது ஏஜென்ட்டின் நம்பர். நோட்டீஸ், ஓடிபி, டிமாண்ட் எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

இலவசம் போதாத இடங்கள்

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வரி இல்லை. ஆனால் எது விவசாயம் என்பதில்தான் இந்த மண்ணில் சறுக்கல். மா, தக்காளி, ரோஜா, புளி விற்ற பணம் சரி. நாற்றங்கால் கன்று விற்பதும் விவசாயம்தான். மாட்டுப் பால் அல்ல, கோழிப்பண்ணை அல்ல. தருமபுரி பட்டுக்கூடு சந்தைக்குப் போகும் கூடு? மல்பெரி வளர்ப்பது விவசாயம். அந்த இலையைப் போட்டு புழு வளர்த்து எடுத்த கூட்டை விற்பது விவசாய வருமானம் அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. போர்ட்டலுக்கு இதெல்லாம் தெரியாது, விவசாயம் என்று எழுதினால் எழுதிக்கொள்ளும்.

சம்பளமோ ஓய்வூதியமோ வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000-க்கு மேல் இருந்தால், விவசாயத்துக்கு வரி இல்லாவிட்டாலும் வரி விகிதத்தைக் கணக்கிட அது சேர்க்கப்படும். ஐடிஆர்-2 போட வேண்டும். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பது வரை கேட்கும். சிட்டாவை கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சிப்காட்டுக்கோ நெடுஞ்சாலைக்கோ நிலம் கொடுத்து இழப்பீடு வாங்கியவர்கள் ஆடிட்டரிடம் போவதே மேல். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 96-ஆவது பிரிவில் வரிவிலக்கு உண்டு. ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள், கூடுதல் இழப்பீட்டோடு வந்த வட்டி எவ்வளவு, நிலம் நகர எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும். லாரி வைத்திருப்பவர்களுக்கு 44ஏஇ பிரிவில் எளிய வழி உண்டு, வருமானத்தை வண்டிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000, மற்ற வண்டிக்கு மாதம் 7,500, பத்து வண்டி வரை. ஒன்றிரண்டு வண்டி என்றால் ஐடிஆர்-4-ஐத் தாங்களே போடலாம், ஃபைனான்ஸ் மாறி, வண்டி விற்ற வருடம் என்றால் வேண்டாம்.

காசு கொடுத்துப் போகும்போதும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். சிஏ-வைப் போர்ட்டல் வழியாகவே உங்கள் கணக்கில் சேர்த்து அனுமதி கொடுக்கலாம், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். ஒப்புகைச் சீட்டோடு, அவர் அனுப்பிய முழுப் படிவத்தின் பிடிஎஃப்-ஐயும் கணக்கீட்டுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். வெறும் ஒப்புகைச் சீட்டில் என்னென்ன கழிவு காட்டினார் என்பது தெரியாது.